கொண்டான் கொடுத்தான்

தலைக்குந்தாவில் புல் வெளுத்துக் கிடக்கும் ஜனவரி.
உதகையின் இந்த ஆய்வகத்தில் வெதுவெதுப்பு ஒரே இடத்தில்தான்:
நாற்பத்தைந்து டிகிரியில் முனகும் பெட்டி.
அதன் தலையில் பெள்ளிராஜின் கம்பளிக் கையுறை காய்கிறது.
உள்ளே, அடுக்கிய தட்டுகளில்,
முத்தையாபுரத்து அளத்தில் நான் மொண்டுவந்த சிவப்பும்
மரக்காணத்திலிருந்து அவன் கொண்டுவந்த சிவப்பும்.

லிட்டருக்குக் கால் கிலோ உப்பு.
பிப்பெட் முனை அடைத்துக்கொள்கிறது.
தராசில், கதவுப் பிடியில், என் சீப்பில்கூட
பொருக்கு.
"எங்க ஊர்ல மாட்டுக்கு உப்புத்தண்ணி காட்ட
ஒரு நாளே வச்சிருக்கோம்" என்கிறான் தூனேரிக்காரன்.
"இங்க கண்ணுக்கே தெரியாததுக்குக் காட்டிட்டிருக்கேன்."

என்னுடையதற்கு டிரிப்டோபன் சமைக்கத் தெரியாது,
அவனுடையதற்குத் தைமிடின்.
இரண்டையும் வடிதாளில் நெருக்கி வைத்து
ஓரிரவு விட்டால்
சுவரோடு சுவர் ஒட்டிப் பாலம் போடும்.
சிலது பாலத்தோடு நிற்பதில்லை,
இரு வீடும் ஒரே கூடமாகிவிடும்.
யார் தந்தது யார் பெற்றது என்று கேட்க முடியாது,
மாப்பிள்ளை வீடு பெண் வீடு இல்லாத சம்பந்தம்.
இனமும் வேறு வேறுதான்.
எழுத்துக்கு எழுத்து ஓரளவு ஒத்துப்போனால்
போதுமாம் அவற்றுக்கு.

இரவு அம்மா கூப்பிட்டாள்.
"ஏளா, கூட வேலை பாக்கானே, அவன் என்ன ஆளுக?"
பின்னால் லாரியில் உப்பு மூட்டை விழும் சத்தம்.
"தட்டு எண்ணணும்மா" என்று வைத்துவிட்டேன்.
எண்ணுவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது.
பெட்டிக்கு என் கம்பளியைப் போர்த்தினோம்.

பதினோராம் நாள்,
இரண்டு சத்தும் இல்லாத தட்டில்
முப்பத்தொரு புள்ளி, மாதுளை நிறம்.
அவன் மேசையைத் தட்டினான்.
நான் ஒப்பீட்டுத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்:
என்னுடையதை மட்டும் தனியே பூசியது,
வெறுமையாக இருக்கவேண்டியது.
விளிம்பருகே ஒன்று.

யாரையும் தொடாமல்
இழந்ததைத் தானே மீட்டுக்கொண்டதா,
என் கை தவறித் தெறித்ததா?
நகத்தால் வழித்தால் தீர்ந்தது.
நகம்கூட வேண்டாம், குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு;
ஊட்டியின் நல்ல தண்ணீரில் இவை ஊதி உடைந்துவிடும்.

குறிப்பேட்டில் முதலில் அந்த ஒன்றை எழுதினேன்.
அதற்குக் கீழே முப்பத்தொன்று.
அவன் எட்டிப் பார்த்தான்,
ஒன்றும் பேசாமல்
மறுபடி உப்பு நிறுக்கத் தொடங்கினான்.

கீழே ரோட்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.
"படுகரும்மா" என்றேன்.
மறுமுனையில் லாரி கிளம்பும் சத்தம்,
வெகுநேரம்.