கோழிக்கூட்டின் பரப்பு

மேலிருந்து பார்த்தால்
லயம் ஒரே தகரம்.
பன்னிரண்டு காம்பிரா, பன்னிரண்டு அடுப்பு.
ட்ரோனுக்குத் தெரிந்தது
துருப்பிடித்த நீள்சதுரம் ஒன்று,
காற்றில் பறக்காதிருக்க அதன்மேல் ஏற்றிய
கல்லும் பழைய டயரும்.

நுவரெலியா அலுவலகத்தில்
கை விறைக்கும் அறையில்
சொடுக்கிச் சொடுக்கி
அந்தத் தகரத்தை வெட்டுகிறேன்.
தொடங்கிய புள்ளிக்கே திரும்பினால்தான் காணி,
திரும்பாவிட்டால் வெறும் கோடு.

ஐந்தாம் காம்பிராவுக்கும் ஆறாம் காம்பிராவுக்கும்
பின்பக்கம் திரை சிவக்கிறது.
மேற்பொருந்தல் பிழை:
சுழியம் தசம் நான்கு சதுர மீற்றர்.

அது கோழிக்கூடு.
எனக்குத் தெரியும், போன கிழமை போயிருந்தேன்.
லிந்துலையில் பஸ் மாறி
மேக்கணக்கு வரை நடை,
தோளில் கருவி, காலில் அட்டை.
டர்பன்டைன் மரங்களுக்கடியில்
செய்மதி ஏழு கிடைத்தது, பிறகு நாலு.
பிழை மூன்று மீற்றர் என்றது கருவி.
துரை பங்களாவில் அது ஒரு பூப்பாத்தி.
இங்கே அடுத்த வீட்டு அடுப்படி.

"கூடு யாருடையது?"
தவமலருடையது என்றாள் யோகாம்பிகை.
யோகாம்பிகையுடையது என்றாள் தவமலர்.
பதினோரு வருசமாய்ப் பேச்சில்லை இருவருக்கும்,
இதே கூட்டுக்காக.
டேப்லட்டையும் முத்திரை குத்திய கடதாசியையும் கண்டதும்
ஒருத்தி மற்றவளுக்குத் தானம் கொடுக்கிறாள்.

கூடுதலாய்க் காட்டினால்
ஏழு பேர்ச்சில் கழிப்பார்களாம்,
கங்காணி சொன்னாராம்.
இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன்.
பேர் எழுதிய ஒவ்வொரு முறையும்
ஏதோ ஒன்று கழிந்துதான் போயிருக்கிறது
இந்த மலையில்.
பேசாமல் படம் எடுத்தேன்.

உரிமை வகை என்றொரு பெட்டி:
உறுதி, குத்தகை, அனுமதிப்பத்திரம், வேறு.
பன்னிரண்டு முறையும் வேறு.
விரலுக்குப் பழகிவிட்டது.
போன மாதம் அக்கரப்பத்தனையில்
எங்கள் லயத்தை நிரப்பியதும் இதே விரல்.

இரண்டு கோட்டையும் பின்னுக்கிழுத்தேன்,
அவர்கள் சொன்னபடியே.
சிவப்பு போய் மஞ்சள் வந்தது: இடைவெளி.
யாருக்கும் சேராமல் ஒரு துண்டும்
கிடக்கக் கூடாதாம்.
நிலத்துக்குத்தான் இந்த விதி.

வலது சொடுக்கில் ஒரு வழி உண்டு,
'விதிவிலக்கு எனக் குறி.'
ரணவீர சேர் பிளேன்டீக்கு எழுந்த நேரம்
குறித்தேன்.

கூட்டில் ஐந்து பேடு, ஒரு சேவல்.
நான் நின்றபோது வைக்கோலில்
ஒரு முட்டை இருந்தது, சூடு ஆறாமல்.
யார் எடுப்பார்கள் என்று
பாராமல் இறங்கிவிட்டேன்,
கடைசி பஸ் நாலரைக்கு.