இடது ஷூ

குத்தாய்சியில் பிப்ரவரி. ஏழாம் வார்டில்
ஹீட்டர் மட்டும் இருமிக்கொண்டிருக்கிறது.

செவ்வாயன்று
"எல்லாம் சரியாகிவிடும், மல்காஸ்" என்றேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
மூன்று நாளாய் முதுகோடுதான் பேச்சு.

இன்றிரவு நாற்காலியை
நேரெதிரே போடாமல் சற்றுச் சாய்த்துப் போட்டேன்.
'ஏன்' நாக்கு நுனிவரை வந்தது.
இரண்டே எழுத்து,
தலையில் போலீஸ் தொப்பி.
விழுங்கினேன்.

"ஷூவோடு படுத்திருக்கிறீர்கள்."

ஹீட்டர் இருமியது. கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.
பார்க்க ஆசைதான்; கால் மரத்துப்போயிருந்தது.

"கடைசி டிரிப் முடியவில்லை, நெஸ்தான்.
டிராலிபஸ்ஸில் ஒருத்தி இன்னும் இறங்கவில்லை."

அப்படி யாரும் இல்லை என்று சொல்லவில்லை.
இருக்கிறாள் என்றும் சொல்லவில்லை.
"என் கண்ணுக்கு அவள் தெரியவில்லை.
நீங்கள் அவளுக்காக விழித்திருக்கிறீர்கள்."

"ம்."

வெகுநேரம் கழித்து,
"பின் சீட்டு. மழையே இல்லை,
குடையை மடக்க மாட்டேன் என்கிறாள்."

"குடை விரித்தபடி."

"நீலக் குடை," என்று திருத்தினார்,
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து.

நோட்டில் எழுதினேன்:
அதிகாலை 3.10. தூங்கவில்லை.
இடது ஷூவைத் தானே கழற்றினார்.
வலது, காலிலேயே இருக்கிறது.
இருக்கட்டும்.
கடைசி வார்த்தையை மட்டும் அடித்துவிட்டேன்.