பத்துப் பரங்கி

பலகையைப் பேருந்தின் வயிற்றுக்குள் ஏற்ற
ஓட்டுநர் பன்னிரண்டு வெள்ளி கேட்டார்.
"என்னா இது, சவப்பெட்டியா?"
"சர்ஃப் போர்டு, அங்கிள்."
"பினாங்குலயா?"
சிரித்த சிரிப்பில் பல்குச்சி கீழே விழுந்தது.
எட்டு வெள்ளிக்கு இறங்கி வந்தார்.

யாரோ ஓர் ஆஸ்திரேலியன் ஊர் திரும்பும்போது
நூற்றெண்பதுக்கு விற்றுவிட்டுப் போன பலகை.
மூக்கில் விரிசல்.
முதுகில் பழைய மெழுகு, அதில்
யாருடையதோ இரண்டு பாதங்களின் தடம்.
கிள்ளானில் தவநேசனின் வாடகை அறையில்
கட்டிலை ஒட்டி ஏழு மாதம்
நின்றுகொண்டே தூங்கியது.

படுக்கை ஒன்று இருபத்தாறு வெள்ளி.
விசிறிக்கு அடியில் என்றால் இருபத்தெட்டு.
கோசலை விசிறிக்கு அடியில் படுத்தாள்.
அவளிடமிருந்து தப்பி வருகிற காற்று போதும் என்று
பக்கத்துப் படுக்கையை எடுத்தேன்.
நாள் முழுக்கப் பேரங்காடியில்
அடுத்தவர் சாமானுக்குப் பில் போடுகிறவளுக்கு
இந்தக் கணக்கு தெரியாதா?

மலாயில் பத்து என்றால் கல்.
நமக்குப் பத்து என்றால் பத்துதான்.
பத்து பெரிங்கி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும்
கோசலை கரையில் பரங்கிகளை எண்ணத் தொடங்கினாள்:
குடைக்கு அடியில் சிவந்துபோய் நான்கு,
மணலில் கவிழ்ந்து இரண்டு,
வாடகைக் குதிரைமேல் ஒன்று,
பாராசூட்டில் காலை உதைத்தபடி ஒன்று,
இளநீர் விலையைக் கேட்டு விழித்தபடி ஒன்று.
"ஒன்பது. ஒன்னு கொறையுதுடி."

கடலோ, ஆறிப்போன தேநீர்.
அலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.
கரையோரம் மட்டும் ஒரு சுருக்கம்,
இஸ்திரிப் பெட்டி எட்டாத சட்டைக் கையைப் போல.
ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகையின் காலடியில்
பாதி தீர்ந்த வினிகர் போத்தல்.

தவநேசன் பலகைமேல் குப்புறப் படுத்தான்.
துழாவித் துழாவிப் போனான்.
ஒரு மணி நேரம் கிடந்தான்.
ஒரு பிளாஸ்டிக் பை அவனைத் தாண்டிப் போனது.

"அலையை எல்லாம் சுமத்ராவே வாங்கிக்கும், தம்பி.
நமக்கு மிச்சம் வைக்காது."
ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடும் ரிட்சுவான்
தோட்டத்தில் கற்ற தமிழில் சொன்னார்,
இழவு சொல்ல வந்தவரின் குரலில்.

இரவு.
உள்ளே பீர் இருபத்திரண்டு வெள்ளி,
சாலைக்கு இந்தப் பக்கம் பதினொன்று.
இந்தப் பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்து
அவர்கள் பாட்டுக்கு எங்கள் பீரைக் குடித்தோம்.
நெருப்பு சுழற்றுகிறவன் மணலில் ஒரு வட்டம் போட்டான்.
காசுத் தொப்பி எங்களை நோக்கி வந்தபோது மட்டும்
மூவரும் நிலாவைப் பார்த்தோம்.

இரவுச் சந்தையில்
கைக்கடிகாரக் கடைக்காரன்
பலகையையும் உப்பு பூத்த தலையையும் பார்த்து
தவநேசனை ஆங்கிலத்தில் கூப்பிட்டான்:
நண்பா, எந்த நாடு?

"பத்து!" என்று துள்ளினாள் கோசலை.
சிரித்தோம்.
தவநேசனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.
"கிள்ளான்," என்றான் மலாயில்.
"அதுக்கு முன்னாடி?"
"அதுக்கு முன்னாடியும் கிள்ளான்."
கடிகாரம் எழுபதிலிருந்து
முப்பதுக்கு இறங்கியது.

காலை ஏழு மணி. கரையில் ஆள் இல்லை.
தொட்டியில் நேற்றைய எண்ணெய் கொஞ்சம் கிடக்கு,
காசு வேண்டாம் என்று ரிட்சுவான்
எந்திரத்தைக் கிளப்பி
அவனைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார்.
இன்னொன்று, இறுக்கமாக.
தண்ணீர் முதுகைத் தூக்கியது.
முழங்கால் உயரம் இருக்கும்,
எங்கிருந்தும் வராத, எங்கும் போகாத ஓர் அலை.

எழுந்து நின்றான்.
அந்த ஆஸ்திரேலியனின் பாதத் தடங்களிலிருந்து
அரை அடி தள்ளி.

மூன்று நொடி.
கோசலை நான்கு என்கிறாள்.
நான் எண்ணுவதையே
வேலையாகச் செய்கிறவள்: மூன்று.

திரும்பும் பேருந்தில் வேறு ஓட்டுநர்.
பலகைக்குப் பதினைந்து கேட்டான்.
தவநேசன் பேரம் பேசவில்லை.