பந்திக்கு முந்தியது

தார்த்து நகரில் பிப்ரவரி. ஆறு உறைந்துவிட்டது.
லீலோவிடம் இரண்டு தட்டுகள்:
ஒன்றில் ஆர்ஜினின் உண்டு,
ஒன்றில் இல்லை.

இல்லாத தட்டில்
டி செல்கள் சாகவில்லை.
எதிரியைத் தெரிகிறது,
கைதான் எழவில்லை.
மூன்று நாளாய்த் திரவம்
அதே இளஞ்சிவப்பு.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
கட்டி முந்திக்கொண்டது.
படைக்கு
இலையே போடவில்லை.

ஒரு சொட்டு விடுகிறாள்.
மறுநாள் மாலை
சில பருக்கின்றன, சில பிரிகின்றன,
சில அப்படியே கிடக்கின்றன.
ஓரத்தில் லேசாக மஞ்சள்.

மூன்றாம் மாடி வார்டில்
இந்தச் செல்களைக் கொடுத்த ஊர்மாஸ்
கறுப்பு ரொட்டியைத் தள்ளிவைக்கிறார்.
பசியில்லையாம்.

உள்ளே யாருக்கு என்று
லீலோ கேட்கவில்லை.
தட்டைத் துடைத்து
எண் எழுதுகிறாள்.