ஒரு நாழிகை

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடக்க, அதன்மேல் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.
மூன்றாம் மாடியில் உர்வே கிவிசார்
இருபத்தோராண்டு பழைய கோப்பைத் திறக்கிறாள்.
முதல் வரிக்கு மேலே ஒரு வெற்று வரி.

அவ்வளவுதான்.
அமர்வு தொடங்குமுன் எதுவும் வெளியே போகக் கூடாது,
ஓர் இடைவெளிகூட.
வணக்கம் சொல்லும் முன்னே தும்மிவிட்டதுபோல
சர்வர் திகைத்து நிற்கும்.
நீக்கினாள். அன்றைய வேலையில் அதுதான் எளிது.

அமர்வு என்றால் வேறொன்றுமில்லை:
இந்த ஊர் நாடக அரங்கில் கனத்த கோட்டைக் கழற்றிக் கொடுத்தால்
எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று தருவார்கள்.
வில்லை உன் பையில், கோட்டு அவர்கள் கொக்கியில்.
சொடுக்குக்குச் சொடுக்கு முகம் மறக்கும் வலை
அந்த எண்ணை வைத்துத்தான்
நீ இன்னும் நீயே என்று நம்புகிறது.

பழைய நிரலுக்கு ரொம்ப நல்ல மனசு.
எவனோ தன் வீட்டில் ஜோடியாக அடித்த வில்லையில்
ஒன்றை உன் பையில் நழுவவிட்டால்
மறுபேச்சில்லாமல் அதே எண்ணில் உன் கோட்டை மாட்டிவிடும்.
மற்றொன்றோடு அவன் வருவான்,
உன் கோட்டைப் போட்டுக்கொண்டு போவான்,
பையில் சாவியோடு.

உர்வே எழுதினாள்:
நான் கொடுக்காத எண் எனக்கு எண்ணே அல்ல.
பெயர் சொல்லி உள்ளே வந்தவரிடம் பழையதை வாங்கு, புதியது கொடு.
இரண்டு வரி. எட்டு நாள். நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்.
ஒன்பது சிவப்பு.

ஒன்பதும் கைகாட்டியது ஒரே குறிப்பை:
"இதைத் தொடாதே. ஏன் என்று எனக்கும் தெரியாது. கால்யோ."
கால்யோ இப்போது சவுனா அடுப்பு விற்கிறான்.
கடிதம் போட்டாள். பதில் வந்தது:
"அது இன்னுமா ஓடுகிறது?"

தொட்டாள்.
ஒரே ஆள் இரண்டு ஜன்னல் திறந்தால்
ஒரு கை மாட்டும்போதே மறு கை உருவியது.
அதுதான் கால்யோவின் பூட்டு.
திரும்பப் பூட்டினாள்.
காரணத்தை எழுதினாள், அவன் பெயரை விட்டுவைத்தாள்.

குப்பை கூட்டவும் அங்கே ஆளில்லை.
வருகிறவர் நூறு பேரில் ஒருவர் கையில் துடைப்பத்தைத் திணிப்பது வழக்கம்.
அவர் பக்கம் மட்டும் ஏன் தாமதம் என்று அவருக்குத் தெரியாது.
அதை நள்ளிரவுக்கு மாற்றினாள்.

மிச்சம் ஓர் எண்.
ஆயிரத்து நானூற்று நாற்பது வினாடி.
அசையாமல் இருந்தால் அதன்பின் நீ இல்லை.
இருபத்துநான்கு நிமிடம். நம் கணக்கில் சரியாக ஒரு நாழிகை;
இது உர்வேக்குத் தெரியாது,
வைத்தவருக்கும் தெரிந்திருக்காது.

பெல்வாவிலிருந்து எல்மார் ரொஸின் என்பவரின் புகார்:
தொழுவ மானியத்துக்கு விண்ணப்பம், ஏழு பக்கம்.
ஆறாவதில் மாடு கத்தியது.
கால் முன்னால் வந்த கன்று.
முழங்கைவரை ஈரத்தோடு திரும்பினால்
திரை கேட்டதாம்: நீங்கள் யார்?

ஈற்றுக்கு ஒரு நாழிகை போதாது.
நாலாக்கலாம் என்றால்
நூலகத்துப் பொதுக் கணினியில்
அடுத்து உட்காருபவன் கையில் முந்தியவளின் வங்கிக் கணக்கு.
சரியான எண் என்று ஒன்று இல்லை.
காபி ஆறியது. இரண்டாவதும் ஆறியது.

கடைசியில் எண்ணை அவள் தொடவேயில்லை.
ஆளை மற, எழுதியதை வை என்றாள்.
மறுபடி பெயர் சொல்லி வந்தால்
ஆறாம் பக்கம் அப்படியே காத்திருக்கும்.

மாற்றக் குறிப்பில் ஒரு வரி கேட்டது இயந்திரம்.
இன்னும் இருபதாண்டில் யாரோ திறந்து
ஏன் என்று விழிப்பார்கள். எழுதினாள்:
மாடு பெயர் மாசிக். கன்று நலம்.