இருபத்துநான்காம் முறை

போர்பந்தர் விமானம் ஏழு மணிநேரம் தாமதம் என்று
பலகையில் எழுத்து மாறியதும்
எல்லோரும் எழுந்தார்கள்
சார்ஜர் துளை தேடி.

இருபத்துமூன்று முறை வந்திருக்கிறேன் பம்பாய்க்கு.
எனக்குத் தெரிந்த பம்பாய்
ஒரு நீளமான தரைவிரிப்பு,
நானூறு ரூபாய்க்கு இரண்டு இட்லி,
சிமென்ட் ஆலைக் கணக்கு பார்க்கப் போகிறவன்
தலை சாய்த்துக்கொள்ள ஒரு தூண்.
அந்தத் தூணிலும் இன்று வேறு தலை.

ஆட்டோக்காரர் என் இந்தியை
இரண்டு சொல் வரைக்கும்தான் பொறுத்தார்.
"தமிழ்லயே பேசுங்க அண்ணே."
பெயர் சொர்ணகுமார். பிறந்தது சயான்,
பாட்டன் வந்தது நாங்குநேரியிலிருந்து.
"கேட்வே வேணாம், டிராஃபிக்ல மாட்டுவீங்க.
தண்ணி பாக்கணும்னா வெர்சோவா.
அங்கேருந்து படகுல அஞ்சு நிமிசம், மட் தீவு."
தீவா என்றேன்.
"இதுவே தீவுதானே அண்ணே, மாலூம் இல்லையா?
கடல்ல மண்ணைப் போட்டுப் போட்டு
ஒட்ட வச்ச ஊரு."

முப்பது வருடமாகப் பேரேடு புரட்டுகிறேன்.
கடலை நிலக் கணக்கில் எழுதிவைத்த
இவ்வளவு பெரிய பதிவு
என் கண்ணில் பட்டதே இல்லை.

படகில் நாலு மோட்டார் பைக்,
ஒரு ஆடு,
சீருடையில் பள்ளிப் பையன்கள்,
பிறகு நான், கழுத்துப்பட்டையுடன்.
கூடையை இறக்க முடியாத ஒரு கோளிப் பெண்
என்னைப் பார்த்து முகவாயை உயர்த்தினாள்.
மொழி தேவைப்படவில்லை.
பிடித்தேன்.
பொம்பில் மீனின் தண்ணீர் சொட்டுச் சொட்டாக
என் தணிக்கைக் கோப்பில்,
2019 தேய்மான அட்டவணை மேல்.
அவள் சிரித்தாள். நானும்,
கொஞ்சம் தாமதமாக.

அக்கரையில் செய்வதற்கு ஒன்றுமில்லை.
அதைத்தான் செய்தேன்.
மூங்கில் பந்தலில் மீன் காய்ந்தது.
ஒரு நாய் என் நிழலில் வந்து படுத்தது,
நான் நகர்ந்தபோது தானும் நகர்ந்தது.
ஷூவைக் கழற்றாமலே நின்றேன்.
பிறகு கழற்றினேன்.
பிறகு காலுறையையும்.
ஐப்பசி வெயிலில் மணல் சுட்டது,
அலை வந்த இடம் வரைக்கும் ஓடினேன்,
ஐம்பத்திரண்டு வயதில்,
முழங்கால் வலிக்க வலிக்க.

தலைக்கு மேல் விமானம்.
நிமிடத்துக்கொன்று போல
கடல் பக்கம் ஏறி, வயிறு காட்டி, திரும்பி.
ஏதோ ஒன்றில்
இடப்பக்க ஜன்னலில் ஒருவன் இருப்பான்.
எனக்கு அவனைத் தெரியும்.
சக்கரம் உள்ளே மடங்கும் சத்தம் கேட்டதுமே
வெயில் கண்ணில் படுகிறதென்று
மறைப்பை இழுத்துவிடுவான்.
இருபத்துமூன்று முறை இழுத்திருக்கிறான்.

கையை ஆட்டினேன்.
எந்த விமானம் என்று பார்க்கவில்லை.
பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்
நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று
திரும்பிப் பார்த்தார்.

மூன்று மணிக்குப் படகு நிறையும்வரை கிளம்பவில்லை.
பதறினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.
பைக் இன்னும் ஒன்று வரட்டும் என்றான் படகோட்டி.
ஆட்டுக்கு அவசரமில்லை.
கடிகாரம் பார்த்தது நான் மட்டும்தான்.

பாதுகாப்புச் சோதனையில்
"ஷூவைக் கழற்றுங்கள்."
கழற்றினேன்.
சாம்பல் நிறத் தட்டில் ஒரு கைப்பிடி ஈர மணல்,
ஒரு உடைந்த சிப்பி.
காவலர் சிப்பியை விரலால் புரட்டினார்.
என்ன இது என்று கேட்கவில்லை.
மூக்கைச் சுருக்கினார்,
அது கோப்பின் வாசனைக்காக.

ஷூவை எடுத்துக்கொண்டேன்.
தட்டை யாரும் தட்டவில்லை.
எனக்குப் பின்னால் நின்ற பெண்
தொலைபேசியில் யாரிடமோ
"இங்க என்ன இருக்கு, சும்மா உக்காந்திருக்கேன்" என்று
தமிழில் சொல்லிக்கொண்டே
அதே தட்டில்
தன் மடிக்கணினியை வைத்தாள்.