ஏ-டூ தாளில் ஒரு கை

நகரசபை கேட்டது இருபத்தைந்து சுவரொட்டி.
ஏ-டூ அளவு, மூன்று மொழி, வெள்ளிக்கிழமைக்குள்.
ஹற்றன் ரயில் நிலையத்துக்கு முன்னால்
சிகரெட் கட்டை போடுகிறவர்களின்
மனதை மாற்ற வேண்டுமாம்.
முதலாளி பவுஸ்தீன் சொன்னார்:
"மனசு மாறுறது இருக்கட்டும் தம்பி,
கலர் பளிச்சுன்னு இருந்தா செக் மாறும்."

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்.
சிவப்பு வட்டம், குறுக்கே கோடு,
அடியில் "எறியாதே."
சுகாதாரப் பரிசோதகர் "எறியாதீர்" என்றார்.
செயலாளர் "எறிய வேண்டாம்" என்றார்.
"தயவுசெய்து" சேர்த்ததும் தமிழ் வரி வீங்கி
சிங்கள வரியை இடித்துக்கொண்டு நின்றது.
எழுத்தைச் சிறிதாக்கச் சொன்னார்கள்,
வழக்கம்போல எங்கள் எழுத்தை.

பிறகு ஓர் அருவி செய்தேன்.
தண்டவாள ஓரத்தில் நானூறு கட்டை பொறுக்கிக்
கறுப்பு அட்டையில் ஒட்டிப் படமெடுத்தேன்.
தூரத்தில் வெள்ளை நீர்.
கிட்டே வந்தால் பஞ்சு.
இன்னும் கிட்டே வந்தால் பஞ்சுகூட இல்லை,
பஞ்சு வேஷம் போட்ட பிளாஸ்டிக்.
பார்த்தவர்கள் எல்லாம் "அடடா" என்றார்கள்.
முதலாளி அதைக் கடைக் கலண்டருக்குக் கேட்டார்.
அந்த இடத்தில் தோற்றுப்போனேன்.

நான் பொறுக்கியதை மரியசெல்வம் பார்த்திருக்கிறான்.
நகரசபைச் சப்பாத்து, தோளில் ஈர்க்கு விளக்குமாறு.
"கல்லிடுக்குல போனது ஈர்க்குக்கு வராதுண்ணே,
நகத்தாலதான் கிண்டணும்" என்று காட்டினான்.
பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்.
நகக்கண் வரைக்கும் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு நிறம்.
மழையில் ஊறிய கட்டை கக்குவதாம்.
சவர்க்காரம் போட்டாலும் போகாதாம்.
"வீட்டுக்காரி தினமும் கையை மோந்து பாக்குறா.
அந்தோனியார் மேல சத்தியம் பண்ணியும் நம்பல.
நான் ஒரு நாளும் வாயில வச்சதில்லண்ணே."

ஜன்னல் வெளிச்சத்தில் பதினொரு தடவை எடுத்தேன்.
முகம் வேண்டாம் என்றான்.
மகள் ஏ.எல். படிக்கிறாளாம்,
ரோட்டுக் கூட்டுறவன் படம் அவள் போகிற வழியிலா?
"கையைப் போடுங்க. கை யாருக்கும் தெரியாது."

கையைப் போட்டேன்.
தாள் நிறைய, ஒவ்வொரு வெடிப்பும் தெரிய.
கீழே மூன்று சொல்:
இந்தக் கை புகைத்ததில்லை.
"தயவுசெய்து" இல்லை, கட்டளை இல்லை.
முதல் தடவையாகத் தமிழ் வரிக்கு இடம் மிஞ்சியது.

திருப்தியாக இருந்தது. திருப்தி வந்தால்
பின்படிக்கட்டுக்குப் போவது என் வழக்கம்.
இழுத்து முடித்து, சுண்டினேன்.
அது கானில் விழுந்து மிதந்து
சந்தைக்கு அடியில் நுழைந்த பிறகுதான்
என் விரல் செய்த வேலை எனக்குத் தெரிந்தது.
அந்தக் கான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கி
கீழ்த்தோட்டத்துப் பீலிப் பக்கம் போகிறது.
எட்டிப் பார்த்தேன்.
பனிமூட்டம். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

சனிக்கிழமை ஒட்டினார்கள். ஞாயிறு மழை.
ஒருவர் குடையைச் சாய்த்துப் படித்துவிட்டுக்
கட்டையைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்தார்.
அவருக்குப் பின்னால் நின்றவரும் படித்தார்,
படித்தபடியே கீழே போட்டார்.
மரியசெல்வம் வந்து
தன் கைக்கு அடியில் குனிந்து எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை கடை வாசலில் நின்று
சொல்வதா வேண்டாமா என்று சிரித்தான்.
மஸ்கெலியா பஸ்ஸுக்கு நின்ற வீட்டுக்காரி
சுவரைப் பார்த்திருக்கிறாள்.
சுண்டுவிரல் தழும்பிலேயே கையைக் கண்டுபிடித்துவிட்டாளாம்.
அதற்குப் பிறகுதான் எழுத்தைப் படித்தாளாம்.
"ஒண்ணும் சொல்லலண்ணே.
நேத்து மட்டும் மோந்து பாக்கல."

செக் இன்னும் மாறவில்லை.
பின்படிக்கட்டில் ஒரு பால்மா டின் வைத்திருக்கிறேன்.
இன்று மூன்று குடித்தேன்.
டின்னில் இரண்டு இருக்கின்றன.